குண்டுமணித் தங்கமும் வெறும் குண்டுமணியும்

"வீட்டுல ஒரு குண்டுமணித் தங்கம்கூட மிச்சமில்ல சார்." நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்த யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ரிடையர் ஆக முடியாது. திருநெல்வேலியில் கேட்டிருக்கிறேன், கோயமுத்தூரில் கேட்டிருக்கிறேன், மாற்றலாகி வந்த இந்தக் குண்டலுபேட்டையிலும் கேட்கிறேன். இங்கே கன்னடத்தில் குண்டுமணியைக் குலகஞ்சி என்கிறார்கள். "குலகஞ்சி அளவுகூட" என்று அவர்களும் அதே மாதிரிதான் சொல்கிறார்கள். பாஷை மாறினாலும் பஞ்சப்பாட்டு ஒன்றுதான் :)

சரி, ஒரு குண்டுமணித் தங்கம் என்றால் எவ்வளவு? பி.காம். படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? குண்டுமணி ஒன்றின் எடை சராசரியாக 0.12 கிராம். 2025 அக்டோபரில் சென்னையில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. பவுனுக்கு 8 கிராம். அப்படியானால் ஒரு குண்டுமணித் தங்கம் சுமார் 1,350 ரூபாய். "ஒன்றுமே இல்லை" என்று சொல்வதற்காக நம் முன்னோர் பிடித்து வைத்த அளவு, ஒரு சின்னக் குடும்பத்தின் ஒரு வார மளிகைச் செலவாகிவிட்டது.

இதை எழுதக் காரணம் வீட்டில் நடந்த ஒரு பஞ்சாயத்து. பெங்களூரில் டிசைன் படிக்கும் என் மகள் ஒரு மாலை செய்துகொண்டு வந்தாள். தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, சுட்ட களிமண் மணி, பழைய டெலிபோன் ஒயரின் செப்புக் கம்பி, நடுவில் சிவப்பு விதைகள். பார்க்க ஒரு கொடி காய்த்துத் தொங்குகிற மாதிரி இருந்தது. "சமகாலக் கலை நகை" என்று பெயர் சொன்னாள். பிரச்சினை அதுவல்ல. சித்தி மகள் கல்யாணத்துக்கு அதை மட்டும்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்றாள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா சொன்னது: "பொட்டப்புள்ள வெறுங்கழுத்தோட வந்து நின்னா நம்மள என்னன்னு நினைப்பாங்க? இதெல்லாம் பஸ் ஸ்டாண்டுல குறத்தி விக்கிறது."

வெறுங்கழுத்து என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கழுத்து நிறைய மாலை இருக்கிறது. ஆனால் தங்கம் இல்லாததால் அது வெறுங்கழுத்து. வெளியூரில் இருக்கும் நம் வீடுகளில் இந்தச் சண்டை வராத வீடு குறைவு என்று நினைக்கிறேன். யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள், எது பழசு என்று பார்க்கலாமே என்று கொஞ்சம் தோண்டினேன். தோண்டத் தோண்ட எனக்கு ஆச்சரியம்தான் மிஞ்சியது.

முதலில் எடைக்கல்லையே எடுத்துக்கொள்வோம். தங்கம் நிறுக்கத் தமிழர்கள் வைத்திருந்த அளவுகள் மூன்று: குன்றி, மஞ்சாடி, கழஞ்சு. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மூன்றுமே விதைகள். குன்றி என்பது நம் குண்டுமணி, சிவப்பில் கறுப்புக் கண். பிள்ளையார் சதுர்த்திக்கு களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, அதே. மஞ்சாடி முழுச் சிவப்பு, பெரிய மரத்தில் காய்ப்பது. எங்கள் பக்கம் ஆனைக்குண்டுமணி என்போம். குருவாயூர் போனவர்கள் உருளி நிறைய அதைக் கொட்டி வைத்துக் குழந்தைகள் கையால் அளைவதைப் பார்த்திருப்பார்கள். கழஞ்சு என்பது கழற்சிக்காய், சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். ஒரு கழஞ்சு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 5 கிராம்.

இது நம்மூர் விசேஷம் மட்டுமில்லை. வைரத்துக்குக் காரட் என்கிறோமே, அந்தச் சொல்லும் மத்தியதரைக்கடல் பக்கத்துக் கரோப் மரத்தின் விதையிலிருந்து வந்ததுதான். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறிக்கொண்டிருந்த அதை, 1907-ல் 200 மில்லிகிராம் என்று உலகப் பொதுவாக நிர்ணயித்தார்கள். ஆக, உலகத்தில் விலை உயர்ந்தது எது என்று தீர்மானிக்க ஆரம்பத்தில் எல்லாரும் விதையைத்தான் நம்பியிருக்கிறார்கள். என் மகள் மாலையில் கோத்திருப்பது எடைக்கல்லை, என் அம்மா கேட்பது எடைபோட்ட பொருளை. அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்த விதைக் கணக்கு எவ்வளவு நுட்பமாக நடந்தது என்று தெரியவேண்டுமானால் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், கீழே குனிந்து அதிட்டானத்தைப் பாருங்கள். 1010-ஐ ஒட்டி முடிந்த அந்தக் கோயிலில், தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னார் ராஜராஜன். ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் அவற்றைப் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக 1891 முதல் வெளியிட்டார்.

ஒரு வங்கிக்காரன் கண்ணோடு அதைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் பெயர், கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் எடை, பதித்த கல் எத்தனை, முத்து எத்தனை, மதிப்பு எவ்வளவு காசு என்று எழுதியிருக்கிறார்கள். எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதும் உண்டு. பொன்னுக்கு ஆடவல்லான் என்ற கல், மணிகள் பதித்த நகைக்குத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல். இரண்டும் சாமி பெயர்கள். கள்ள எடை போட்டால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எடை போடுகிறவனுக்குத் தெரியும்! சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு இவற்றைச் சேர்த்த எடையா நீக்கிய எடையா என்ற குறிப்புகளும் வருகின்றன. எங்கள் கிளையில் நகைக்கடன் ரெஜிஸ்டரில் "மொத்த எடை", "நிகர எடை" என்று இரண்டு காலம் இருக்கிறதே, அதேதான். ஆயிரம் வருஷத்தில் கம்ப்யூட்டர் வந்ததைத் தவிர நாங்கள் பெரிதாக ஒன்றும் முன்னேறிவிடவில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது முத்துகளின் தரம் பிரிப்பு. வட்டமான முத்து, ஏறக்குறைய வட்டமான முத்து, மெருகிட்ட ஒப்பு முத்து, குறுமுத்து, வேப்பங்கொட்டை போன்ற நிம்பொளம், கரடு, இரண்டு ஒட்டிப் பிறந்த இரட்டை, தட்டையான சப்பத்தி என்று பட்டியல் போகிறது. நீரோட்டத்தில்கூடக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வேறு. இன்றைக்குக் கடையில் கோணலான முத்தைக் கழித்துப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஒட்டிப் பிறந்த முத்தையும், கரடுமுரடான முத்தையும் பெருவுடையாருக்குச் சாத்தி, அதை ஒளிக்காமல் கல்லிலும் எழுதி வைத்தார்கள். கடலில் எப்படி விளைந்ததோ அப்படியே. கோணலான இயற்கைப் பொருளை அப்படியே போட்டுக்கொள்வதுதான் கலை நகை என்றால், ராஜராஜனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும்.

சாமி நகையை விட்டு மனுஷர் நகைக்கு வருவோம்.

நம் தங்க நகைகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மாங்காய் மாலை, மல்லிகைமொட்டு மாலை, நெல்லிக்காய் மணி, கோதுமை மணி, குழந்தை இடுப்பில் கட்டும் அரசிலை, காதில் கொப்பு, சடையில் நாகர், தாழம்பூ. ஒரு தோட்டத்தைச் சுற்றி வந்த மாதிரி இல்லை? இதில் ஓலையும் ஒன்று. காதோலை என்றால் முதலில் பனை ஓலையைச் சுருட்டிக் காதுத் துளையில் செருகியதுதான். சுருள் விரிய விரியத் துளை பெரிதாகும். பிறகு வசதி வந்தவர்கள் அதே வடிவத்தைப் பொன்னில் செய்துகொண்டார்கள், பெயர் மட்டும் ஓலை என்றே நின்றுவிட்டது. தாலி என்ற சொல்லே பனையைக் குறிக்கும் தாலத்திலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. சங்கப் பாட்டுகளில் பெண்கள் தழையை ஆடையாகக் கட்டியிருக்கிறார்கள், குழந்தைகள் கழுத்தில் புலிப்பல் தாலி போட்டிருக்கிறார்கள்.

தங்கம் வந்து ஓலையைத் துரத்திவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரையில் என்ன வைத்துக் கும்பிடுகிறோம்? காதோலை கருகமணி. சிவப்புச் சாயம் தோய்த்த ஓலைச் சுருள் இரண்டு, கறுப்பு மணி கோத்த வளையம் ஒன்று, பூஜைச் சாமான் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வரலட்சுமி நோன்புக்கும் அம்மனுக்கு அதுதான். மகாலட்சுமிக்கு முதலில் சாத்துவது ஓலையும் கண்ணாடி மணியும் என்பதை என் அம்மாவிடம் சொன்னேன். "அது சாமிக்குடா" என்றார். சாமிக்கு ஆகும், பேத்திக்கு ஆகாது. ரைட்டு.

அந்தக் கருகமணிக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியச் சாடி, மண்பாண்டம் இவைதான் பேச்சாக இருந்தன. ஆனால் அந்த மண் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள். கண்ணாடியை உருக்கிக் குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்கி எடுப்பது அந்த முறை. ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகள். இந்தோ-பசிபிக் மணிகள் என்று பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்காசியா வரை அவை கிடைக்கின்றன. அதே இழுப்பு முறை ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. மூலப்பொருள் என்ன? மணல், சாம்பல், கொஞ்சம் உலோகம். தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து உலகச் சந்தைக்குப் போன முதல் நகைகளில் ஒன்று மணலில் செய்தது! நொய்யல் கரைக் கொடுமணலில் கல் மணிகள், கொற்கையில் முத்தும் சங்கு வளையலும், கீழடியில் 2014-க்குப் பிறகு நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் அணிகள். தங்கமும் கிடைத்திருக்கிறது, ஆனால் துளித்துளியாக. வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது மண், சங்கு, கண்ணாடி.

அப்புறம் எப்படித் தங்கம் மட்டுமே நகை என்று ஆனது? இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது. தங்கம் நகை என்பதற்காக மட்டும் சேரவில்லை, வங்கி இல்லாத காலத்தில் அதுதான் வங்கி. பெண் பெயரில் சொத்து எழுதாத வீட்டிலும் அவள் கழுத்தில் கிடப்பது அவளுடையது. எங்கள் கிளைக்கு வரும் ஒரு தமிழ் அம்மா, கூடலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர். வருஷம் தவறாமல் ஜூன் மாதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு, தாலியில் இருக்கும் தங்கத்தைக் கழற்றிக்கொண்டு வருவார். அன்று அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள் துண்டு. அறுவடை முடிந்ததும் மீட்டுக்கொண்டு போவார். அந்த மஞ்சள் துண்டைப் பார்த்து யாரும் வெறுங்கழுத்து என்று சொல்வதில்லை. தங்கம் போனால் தாங்கிக்கொள்வதற்கு ஒரு கிழங்கு தயாராக இருக்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவர்கள் பொருளாதாரம் தெரிந்தவர்கள்.

அரசாங்கமே தங்கத்தை விட்டு விலகச் சொன்ன காலமும் உண்டு. 1962 சீனப் போரின்போது வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த பாட்டிகளின் கதை பல வீடுகளில் இருக்கும். அதைத் தொடர்ந்து 1963 ஜனவரியில் நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. நம் ஜனங்கள் 22-க்குக் குறைந்ததைத் தங்கம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடி விழுந்தது ஆசாரிமார் தலையில். பட்டறைகள் மூடின, எத்தனையோ குடும்பங்கள் வேறு வேலைக்குப் போயின. 14 காரட் விதி சில வருஷத்தில் கைவிடப்பட்டாலும், 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று தனியாகவே ஒன்று வந்தது. 1990-ல்தான் அது நீக்கப்பட்டது. ஜனங்கள் தங்கத்தை விட்டார்களா என்றால் இல்லை. சிதம்பரம் கவரிங் கடைகளை நினைத்துப் பாருங்கள். தங்கம் இல்லாவிட்டால் தங்கம் மாதிரி. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. விலை குறைந்த பொருளைக் கையில் எடுத்தபோதும் புதுசாக ஒரு வடிவம் யோசிக்காமல், பக்கத்து வீட்டுக்காரியை ஏமாற்றுவதற்காகவே யோசித்தோம்.

இதற்கு நேர்மாறான சம்பவம் பிரஷ்யாவில். 1813-ல் நெப்போலியனை எதிர்க்க நிதி வேண்டும் என்று அரச குடும்பத்துப் பெண்மணி கேட்க, பெண்கள் தங்கத்தைக் கொடுத்துவிட்டு இரும்பு நகை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இரும்பை இரும்பாகவே, கறுப்பாகவே போட்டுக்கொண்டார்கள். பெர்லின் இரும்பு நகை என்று அதற்குப் பெயரே நின்றுவிட்டது. இரும்பு போட்டிருந்தால் கௌரவம், தங்கம் போட்டிருந்தால் "நீ கொடுக்கலையா?"

மகள் சொல்லும் கலை நகைக்கு இதுவும் ஒரு வேர் என்று நினைக்கிறேன். இன்னொரு வேர் 1900-ஐ ஒட்டிப் பாரிஸில். ரெனே லாலிக் என்ற நகைக்காரர் வைரத்தை ஓரம் கட்டிவிட்டு, மாட்டுக்கொம்பு, கண்ணாடி, எனாமல் என்று கையில் எடுத்தார். தும்பி, குளவி, காய்ந்த இலை என்று செய்தார். அவருடைய தும்பிப் பெண் லிஸ்பனில் குல்பெங்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தாலே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். 1960-களில் ஹாலந்தில் கீஸ் பாக்கரும் அவர் மனைவி எம்மி ஃபான் லேர்சமும் அலுமினியத்தில், அடுப்புப் புகைக்குழாய் மாதிரி கழுத்துப் பட்டை செய்தார்கள். நகையின் மதிப்பு பொருளில் இல்லை, யோசனையில் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. அதே பாக்கர் 1982-ல் பனித்துளி பூத்த ரோஜாவின் போட்டோவைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக்குக்குள் லேமினேட் செய்து கழுத்தணி ஆக்கினார். ரேஷன் கார்டை லேமினேட் செய்வோமே, அதே தொழில்நுட்பம்.

ஆனால் என் மனசைத் தொட்டவர் ஓட்டோ குன்ஸ்லி. சுவிஸ்காரர், மியூனிக்கில் பேராசிரியராக இருந்தவர். 1980-ல் ஒரு வளையல் செய்தார். சாதாரணக் கறுப்பு ரப்பர் குழாய், ஒரு இடத்தில் மட்டும் புடைப்பு. அந்தப் புடைப்புக்குள் ஒரு தங்க உருண்டை. வெளியே தெரியாது. "தங்கம் கண்ணை மறைக்கும்" என்பதுதான் வளையலின் பெயர். உள்ளே தங்கம் இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டால் ரப்பரை அறுக்க வேண்டும், அறுத்தால் வளையல் போச்சு.

இதை எங்கள் கவுண்டருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரித்தேன். மதிப்பீட்டாளர் உரைகல்லை எடுப்பார், உரச இடமில்லை. தண்ணீரில் போட்டு நிறுப்பார், ரப்பர் குழப்பும். கடைசியில் "கட் பண்ணலாமா சார்?" என்று கேட்பார். கலைஞர் கேட்கும் கேள்வியும் அதுதானே. நம் பாம்படத்தை நினைத்துப் பாருங்கள். தெற்கத்திப் பாட்டிமார் தோள் வரை தொங்கவிட்ட அந்த நகை, வெளியே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. குன்ஸ்லி தங்கத்தை உள்ளே ஒளித்தார், எங்கள் ஆசாரி அரக்கை உள்ளே ஒளித்தார். அரக்கு பூச்சி தந்தது, உருட்டியும் சதுரமாகவும் அடித்த அந்த வடிவமோ எந்தக் கலைக்கூடத்திலும் தைரியமாக வைக்கலாம். அதை உருக்கி இரண்டு செயினாக்கிய பிள்ளைகள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

நிற்க. குண்டலுபேட்டைக்கு வருகிறேன். பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனது. ஊட்டி போகிறவர்களுக்கும் வயநாடு போகிறவர்களுக்கும் ரோடு பிரியும் இடம். தெற்கே பந்திப்பூர்க் காடு. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது சேர்ந்த முதல் காடுகளில் ஒன்று. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இயற்கையைப் பார்த்துச் செய்த நகை என்று பேசும்போது, இயற்கையிடமிருந்து பிடுங்கிச் செய்த நகையையும் பேசத்தான் வேண்டும். புலிநகம், யானைமுடி மோதிரம், தந்த வளையல். சங்ககாலத்துக் குழந்தைக்கு அழகாக இருந்தது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜெயில். 2023 அக்டோபரில் கன்னடத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டவர், கழுத்தில் புலிநகப் பதக்கத்தோடு கேமரா முன்னால் நின்றதற்காகவே கைதானார். இந்தச் சட்டத்தில் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம். தாத்தா காலத்து நகை வெளிநாட்டு வீட்டு லாக்கரில் இருக்கிறது என்கிற நண்பர்கள், அதை ஊருக்கு எடுத்து வருமுன் ஒரு வக்கீலைப் பாருங்கள். சீரியஸாகவே சொல்கிறேன்.

அதே சட்டம் இன்னொரு கூட்டத்தின் தொழிலை மாற்றியது. என் அம்மா சொன்ன அந்தப் பஸ் ஸ்டாண்டு ஆட்கள். நரிக்குறவர்கள் வேட்டையை விட்டு ஊசிமணி பாசிமணிக்கு முழுசாகத் திரும்பியதில் இந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு. கர்நாடகத்தில் அவர்களுக்கு உறவான மொழி பேசும் கூட்டம் ஹக்கிபிக்கி. 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டபோது அங்கே மூலிகை எண்ணெய் விற்கப்போய் மாட்டிக்கொண்ட கன்னடர்கள் என்று செய்தி வந்ததே, அவர்கள்தான். தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குறடு, ஒரு சுருள் கம்பி, ஒரு டப்பா மணி. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு மாலையை முடித்துவிடுவார்கள். மகள் கல்லூரியில் முதல் செமஸ்டரில் கற்றுக்கொண்ட கம்பி முடிச்சு இதுதான். அங்கே அதற்கு ஃபீஸ் உண்டு, இங்கே பேரம் பேசி இருபது ரூபாய் குறைக்கிறோம். "குறத்தி விக்கிறது" என்பதை அம்மா குறையாகச் சொன்னார். நான் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன், சொல்லவும் சொன்னேன். பதில் வரவில்லை, இரண்டு நாள் காபியில் சர்க்கரைதான் குறைந்தது.

காட்டோரம் இன்னொரு பொருளும் உண்டு. உண்ணிச்செடி, லாண்டானா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வெள்ளைக்காரர்கள் 1800-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. இன்று பந்திப்பூர், முதுமலை முழுக்க அடர்ந்து, புல்லை விழுங்கி, மானுக்கும் யானைக்கும் தீனி இல்லாமல் செய்கிறது. மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் இதன் குச்சியை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலி செய்கிறார்கள், ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனம் 2004-ஐ ஒட்டித் தொடங்கி வைத்தது. கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கலைஞர்கள் ஆளுயரத்துக்கு மேல் யானைகளையே இதில் செய்தார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைகள் நின்றன, 2024-ல் அமெரிக்கா போயின. நகை இல்லைதான். ஆனால் சின்ன வயதில் உண்ணிப்பூவைக் காம்போடு பறித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி வளையல் செய்யாதவர் யாராவது உண்டா?

இன்று சந்தையில் கிடைப்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னபட்டணத்து மரமணிகள் நன்றாக இருக்கின்றன. மைசூர் பெங்களூர் ரோட்டில்தான் ஊர். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுற்றவிட்டு, அந்தச் சூட்டிலேயே அரக்கை உருக்கிப் பூசி, தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள். பொம்மை செய்த கை, வளையலும் காதணியும் செய்கிறது. மரம் மரமாகத் தெரிகிறது. சென்னையில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்கு வீடு சூடு பிடித்த பட்டுநூல் வளையல், காகிதச் சுருள் ஜிமிக்கி, சுடுமண் செட் எல்லாம் எத்தனையோ இல்லத்தரசிகளுக்குக் கைக்காசு கொடுத்தன. மறுக்கவில்லை. ஆனால் சுடுமண்ணைச் செய்துவிட்டு மேலே தங்க பெயின்ட் அடித்து, கல் பதித்த மாதிரிப் புள்ளி வைப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு மனசு கசக்கும். மறுபடியும் கவரிங்!

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகள் அவள் மாலையைப் போட்டுக்கொண்டாள், பாட்டியின் நிபந்தனைப்படி காதில் மட்டும் தங்கக் கம்மல். இரண்டு பேர் "எங்கே வாங்கினது?" என்று கேட்டார்கள், ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "பேங்க்ல ஏதும் பிரச்சினையா?" என்று விசாரித்தார்.

கடைசியாக, வீட்டில் குழந்தைகளோடு விதை மாலை கோக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குண்டுமணி கடும் விஷம். அதிலுள்ள ஏப்ரின் மிகச் சிறிய அளவிலேயே உயிருக்கு ஆபத்து. ஓடு கெட்டியாக இருப்பதால் முழு விதையில் விஷம் உள்ளேயே அடைந்து கிடக்கும். மாலைக்காக ஊசி போட்டுத் துளைத்தால் அந்தக் காப்பு போய்விடும், குழந்தை கடித்தால் கேட்கவே வேண்டாம். 2011-ல் இங்கிலாந்தில் ஈடன் புராஜெக்ட் தோட்டத்தின் கடையில் விற்ற விதைக் கைச்சரங்களை இதே காரணத்துக்காகத் திரும்பப் பெற்றார்கள். பெருவிலிருந்து வந்த சரக்கு, நம் குண்டுமணியேதான். மகள் மாலையில் முதலில் கோத்திருந்ததும் அதுதான். இதைப் படித்த அன்றே பிரித்து மஞ்சாடி மாற்றினோம். மஞ்சாடி அந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனாலும் எந்த விதையையும் குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள். கல் மாதிரி கெட்டி, ஊசி இறங்காது, சின்ன டிரில்தான் வேண்டும். ஒவ்வொரு விதைக்கும் ஐந்து நிமிஷம் பிடிக்கிறது. நாற்பது விதை கோத்தோம், கணக்குப்படி இரண்டு கழஞ்சு.